வில்லையின் கூர்மையும் பெயரின் பெருமையும்

ஒரு பாடலைக் கையில் எடுத்தவுடன், அதன் பொருளை நாடுமுன் பாடியவர் யார் என்று வினவும் பழக்கம் நம்மிடையே உண்டு. பெயர் பெரிதாயின் பாடலும் பெரிதாகிவிடுகிறது. பெயர் அறியப்படாததாயின் பாடலை ஒருமுறைக்கு மேல் படிப்பாரில்லை. இதே பழக்கம் ஒளிப்படக் கலையிலும் வேரூன்றி நிற்கிறது. கேனன் கேமராவுக்குக் கேனன் வில்லை, நிக்கான் கேமராவுக்கு நிக்கான் வில்லை, சோனிக்குச் சோனி வில்லை. இவையே கூர்மையானவை, சிக்மா, டாம்ரான், டோக்கினா முதலியவற்றின் வில்லைகள் பணம் போதாதவர் வாங்குபவை என்னும் எண்ணம் இன்றும் பலரிடம் உள்ளது. லென்ஸ் எனப் பரவலாக வழங்கும் இந்த வில்லைகளைப் பற்றி இலக்கிய அன்பர்கள் கூடும் இடத்தில் எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். பெயரைப் பார்ப்பதா, பொருளைப் பார்ப்பதா என்பது இலக்கியத் திறனாய்வின் பழைய வினா. அவ்வினா கண்ணாடியிலும் உலோகத்திலும் எவ்வாறு விடை காண்கிறது என்பதை ஆராய்வது நமக்கும் பயனுடையதே.

வசதிக்காகக் கேமராவைச் செய்த நிறுவனமே செய்யும் வில்லையைத் 'தாய் நிறுவன வில்லை' என்றும், மற்றவர் செய்வதைப் 'பிற நிறுவன வில்லை' என்றும் இக்கட்டுரையில் குறிப்போம்.

முதலில் வரலாற்றைச் சற்றுப் புரட்டுவோம். கேனன் நிறுவனத்தின் முன்னோடியான செய்கி கோகாகு, 1936இல் 'ஹன்சா கேனன்' என்னும் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் பொருத்தப்பட்டிருந்த 50 மி.மீ. வில்லையின் பெயர் நிக்கோர். அதைச் செய்து தந்தது நிப்பான் கோகாகு, அதாவது இன்றைய நிக்கான். இன்று இரு துருவங்களாக நிற்கும் இவ்விரு பெயர்களில் ஒன்றின் முதல் கேமரா, மற்றொன்றின் கண்களால்தான் உலகைப் பார்த்தது. 'கேனனுக்குக் கேனன் வில்லையே பொருந்தும்' என்று உறுதிபடக் கூறுவோர் இச்செய்தியை அறிந்துகொள்வது நலம்.

இரண்டாவது செய்தி 1950ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அமெரிக்க 'லைஃப்' இதழின் ஒளிப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன் டோக்கியோவில் இருந்தார். ஜூன் மிகி என்னும் ஜப்பானிய ஒளிப்படக்காரர் நிக்கோர் 85 மி.மீ. வில்லையால் அவரைப் படமெடுத்துக் காட்டினார். அதன் தெளிவைக் கண்டு வியந்த டங்கன், நிக்கோர் வில்லைகளை வாங்கித் தம் லைக்கா கேமராக்களில் பொருத்திக்கொண்டு கொரியப் போர்க்களத்துக்குச் சென்றார். அவ்வாண்டு டிசம்பரில் 'நியூயார்க் டைம்ஸ்' ஜப்பானிய வில்லைகளைப் பற்றி எழுதியது. ஜப்பானியப் பொருளென்றால் மலிவுப் பொருள் என்று மேற்கில் எண்ணப்பட்ட காலம் அது. லைக்காவின் பார்வையில் நிக்கோர் ஒரு பிற நிறுவன வில்லை மட்டுமே. இன்று 'தாய் நிறுவனம்' என்று நாம் போற்றும் நிக்கான், புகழின் வாயிலுக்குள் நுழைந்தது பிற நிறுவனமாகத்தான்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2006இல் நிக்கான் கேமராக்களுக்கென ஜெர்மனியின் கார்ல் ஜைஸ் நிறுவனம் வில்லைகளை வெளியிட்டது. பெயர் ஜைஸ், செய்தது ஜப்பானின் கொசினா நிறுவனம். 2021 டிசம்பரில் நிக்கான் தன் இசட் வகைக் கேமராக்களுக்கு 28-75 மி.மீ. எஃப்/2.8 ஜூம் வில்லை ஒன்றை அறிவித்தது. 2018இல் டாம்ரான் சோனிக்காக வெளியிட்ட 28-75 மி.மீ. எஃப்/2.8 வில்லையின் விவரக் குறிப்பை அதன் அருகில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் கண்ணாடிகள் 15, குழுக்கள் 12. இரண்டுக்கும் வடிகட்டியின் விட்டம் 67 மி.மீ.; மிக அருகில் குவியும் தொலைவும் இரண்டுக்கும் ஒன்றே. அமெரிக்காவில் வெளியீட்டு விலை டாம்ரானுக்கு ஏறத்தாழ 800 டாலர், நிக்கானுக்கு ஏறத்தாழ 1,200 டாலர். முடிவை வாசகர்களே செய்துகொள்ளலாம். வெவ்வேறு நூற்றாண்டுகளில் வாழ்ந்த புலவர் பலரின் பாடல்கள் ஔவையார் என்னும் ஒரே பெயரில் வழங்குவதை அறிந்த நமக்கு, பெயரும் படைத்தவரும் வேறாக இருக்கக்கூடும் என்பது வியப்பளிக்கக் கூடாது.

இனிக் கூர்மை என்பது யாது என்று காண்போம். கூர்மையைக் கண்ணால் கண்டு 'நன்று', 'தீது' என்று சொல்வது எளிது, அளப்பது வேறு. ஒளியியலார் இதற்கு எம்டிஎஃப் என்னும் அளவீட்டைக் கையாள்கின்றனர். கறுப்பும் வெளுப்புமாக மாறி மாறி வரும் கோடுகளை வில்லையின் வழியே பார்க்கும்போது, அக்கறுப்பும் வெளுப்பும் எவ்வளவு பிரிந்து தெரிகின்றன என்பதே அதன் சாரம். ஒரு மில்லிமீட்டருக்குள் 10 இணைக்கோடுகளை வில்லை எவ்வாறு காட்டுகிறது என்பது படத்தின் பொதுவான அழுத்தத்தை உணர்த்தும். 30 இணைக்கோடுகளை எவ்வாறு காட்டுகிறது என்பது கண்ணிமை மயிர், பட்டுச்சேலையின் இழை போன்ற நுண்மைகளை உணர்த்தும். படத்தின் நடுவிலிருந்து மூலை நோக்கிச் செல்லச் செல்ல இந்த அளவு குறையும். ஆகவே 'இவ்வில்லை கூர்மையானது' என்பது பாதி வாக்கியமே. நடுவிலா, மூலையிலா? துளையை முழுதும் திறந்த நிலையிலா, சுருக்கிய நிலையிலா? இவற்றையும் சொன்னால்தான் வாக்கியம் முடியும்.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். நிறுவனங்கள் வெளியிடும் எம்டிஎஃப் வரைபடங்களில் பெரும்பாலானவை வடிவமைப்பைக் கொண்டு கணினியில் கணக்கிட்டவை; செய்து முடித்த வில்லையை அளந்து பெற்றவை அல்ல. வடிவமைப்பு ஒன்றாக இருந்தாலும், தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு வில்லையும் மயிரிழை அளவு வேறுபடும். ஒரு கண்ணாடி இம்மியளவு சாய்ந்தாலும் படத்தின் ஒரு மூலை மங்கும். அமெரிக்காவில் வில்லைகளை வாடகைக்கு விடும் லென்ஸ்ரென்டல்ஸ் நிறுவனத்தை நிறுவிய ரோஜர் சிகாலா, ஒவ்வொரு வகையிலும் பத்துப் படிகளை ஒளியியல் மேடையில் ஏற்றி அளந்து அவற்றின் சராசரியையும் வேறுபாட்டையும் வெளியிட்டவர். இந்த வேறுபாடு எல்லா நிறுவனங்களிலும் உண்டு, ஜூம் வில்லைகளில் அது மிகுதி என்பது அவர்தம் அளவீடுகள் தந்த பாடம்.

தமிழ் பயின்றோர்க்கு இது புதுச் செய்தியன்று. ஒரே நூலின் சுவடிகள் பலவற்றை ஒப்புநோக்கி, பாடவேறுபாடுகளை எடைபோட்டு 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார் உ.வே.சாமிநாதையர். ஒரே ஒரு சுவடியை வைத்துக்கொண்டு நூலாசிரியரின் திறத்தை அவர் தீர்மானிக்கவில்லை. ஆனால் ஒளிப்பட உலகில் ஒருவர் ஒரு டாம்ரான் வில்லையை வாங்கி, அதில் ஒரு மூலை மங்கலாக இருக்கக் கண்டால், 'டாம்ரானே இப்படித்தான்' என்று தீர்ப்பெழுதிவிடுகிறார். அதே குறை தாய் நிறுவன வில்லையில் இருந்தால் 'நமக்கு வாய்த்த பிரதி சரியில்லை' என்று தேற்றிக்கொள்கிறார். ஒரே குற்றத்துக்கு இரு நீதி வழங்குவது முறையாகுமா?

பிற நிறுவனங்கள் மீதான ஐயம் முற்றிலும் அடிப்படையற்றது என்றும் நாம் கூறவில்லை. விலையைக் குறைப்பதற்காகத் தரத்தைக் குறைத்த வில்லைகள் ஒரு காலத்தில் சந்தையில் மலிந்திருந்தன. அக்காலத்திலேயே 1979இல் டாம்ரான் வெளியிட்ட 90 மி.மீ. எஃப்/2.5 மேக்ரோ போன்ற விதிவிலக்குகளும் இருந்தன. திருப்பம் என்று சொல்லத்தக்கது 2012இல் நேர்ந்தது. மிச்சிஹிரோ யமாகி 1961இல் தொடங்கிய சிக்மா, அவர் மறைந்த 2012ஆம் ஆண்டில் தன் வில்லைகளை 'ஆர்ட்', 'கன்டெம்பரரி', 'ஸ்போர்ட்ஸ்' என்று மூவகையாகப் பகுத்தது. புதிய வகைகளைச் சேர்ந்த வில்லை ஒவ்வொன்றையும், தானே உருவாக்கிய கருவியால் எம்டிஎஃப் அளந்த பின்னரே அனுப்புவதாக அறிவித்தது. அவ்வாண்டு வந்த 35 மி.மீ. எஃப்/1.4 ஆர்ட், தாய் நிறுவனங்களின் அதே வகை வில்லைகளோடு நேருக்கு நேர் நிற்கத்தக்கதென ஆய்வாளர்களால் பாராட்டப்பட்டது. 2014இல் 50 மி.மீ. எஃப்/1.4 ஆர்ட் வந்தபோது, ஆய்வாளர்கள் அதை ஒப்பிட்டது கேனனோடும் நிக்கானோடும் மட்டுமன்று. 2013இல் ஏறத்தாழ 4,000 டாலர் விலையில் வந்த ஜைஸ் ஓட்டஸ் 55 மி.மீ. வில்லையோடு. சிக்மாவின் விலை ஏறத்தாழ 950 டாலர். அப்போது கேனனின் 50 மி.மீ. எஃப்/1.4 வில்லை, 1993இல் வடிவமைத்ததாகவே இருந்தது. படச்சுருள் காலத்து வடிவமைப்புக்கும் டிஜிட்டல் காலத்து வடிவமைப்புக்கும் இடையே நிகழ்ந்த போட்டியில் பெயரால் வெல்ல முடியவில்லை.

அப்படியாயின் 'பிற நிறுவன வில்லை மங்கல்' என்ற குற்றச்சாட்டு ஏன் இத்தனை காலம் நீடித்தது? அதில் பெரும்பகுதி கண்ணாடியின் குற்றமன்று, குவியத்தின் குற்றம் என்பது நம் கருத்து. பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் குவியத்தை அளக்கும் கருவி வேறிடத்தில், கேமராவின் அடிப்பகுதியில் இருந்தது. படம் பதியும் சென்சார் வேறிடத்தில் இருந்தது. இரண்டுக்கும் இடையே நூலிழை வேறுபாடு நேர்ந்தாலும், மணமகளின் கண்ணில் விழ வேண்டிய கூர்மை காதணியில் போய் விழும். தாய் நிறுவனங்கள் தம் கேமராவும் வில்லையும் பேசிக்கொள்ளும் மொழியை வெளியிடவில்லை. பிற நிறுவனங்கள் அம்மொழியை ஒட்டுக்கேட்டுக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. புதிய கேமரா வந்ததும் பழைய வில்லை செயலற்றுப் போனதும் உண்டு. இன்றைய மிரர்லெஸ் கேமராக்களில் படம் பதியும் சென்சாரே குவியத்தையும் அளப்பதால், அந்த இடப்பிழை பெரும்பாலும் நீங்கிவிட்டது. குவியம் சீரானதும் பிற நிறுவன வில்லைகள் திடீரெனக் கூர்மை பெற்றதுபோல் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு சமன்பாடும் உண்டு. துளையைச் சுருக்கச் சுருக்க, ஒளி துளையின் ஓரத்தில் வளைந்து பரவுகிறது. இயற்பியல் நூல்கள் இதனை விளிம்பு விளைவு என்கின்றன. எத்துணைச் சிறந்த வில்லையாயினும் எஃப்/8இல் ஒரு புள்ளி ஏறத்தாழ 11 மைக்ரான் விட்டமுள்ள வட்டமாகவும், எஃப்/16இல் ஏறத்தாழ 21 மைக்ரான் விட்டமுள்ள வட்டமாகவும் விழும். 24 மெகாபிக்சல் முழுச்சட்டக் கேமராவில் ஒரு பிக்சலின் அகலம் 6 மைக்ரான் மட்டுமே. எனவே எஃப்/8, எஃப்/11 ஆகிய துளைகளில் கோபுரத்தையும் மலையையும் படமெடுப்பவர், பெயருக்காகக் கொடுத்த கூடுதல் பணத்தின் பயனைப் படத்தில் தேடிக் காண்பது அரிது. இயற்கையின் விதி விலைச்சீட்டைப் பார்ப்பதில்லை.

நம் மாணவர்களுள் சிலர் வார இறுதியில் திருமண வீடுகளில் படமெடுத்து, அவ்வருவாயில் கல்விக் கட்டணம் செலுத்துகின்றனர். அவர்களுள் ஒருவர் ஒருநாள், "ஐயா, கம்பெனி லென்ஸ் இல்லேன்னா பெரிய ஸ்டூடியோவுல கூப்பிட மாட்டேங்கிறாங்க. அம்மா நகையை அடகு வெச்சு வாங்கிடலாமான்னு பார்க்கிறேன்" என்றார். இங்குதான் இந்த ஆராய்ச்சி வெறும் பொழுதுபோக்காக இல்லாமற் போகிறது. கூர்மை குறித்த ஒரு தவறான நம்பிக்கை, ஒரு தாயின் கழுத்துச் சங்கிலியை அடகுக் கடைக்கு அனுப்ப வல்லது. மண்டபத்தின் மங்கிய ஒளியில் எஃப்/2.8இல் அவர் எடுக்கும் படங்களில் முகங்கள் பெரும்பாலும் நடுப்பகுதியில் உள்ளன. மூலையில் இருப்பது தோரணமும் நாற்காலியும். நடுப்பகுதியின் கூர்மையில் இன்றைய டாம்ரானும் சிக்மாவும் அவருக்குக் குறைவைப்பன அல்ல. வில்லையை ஒருநாள் வாடகைக்கு எடுத்து ஒரு நிகழ்ச்சி முழுதும் பயன்படுத்திப் பார்த்த பின் முடிவு செய்யும்படி கூறினோம். அவர் பிற நிறுவன வில்லையையே வாங்கினார். சங்கிலி வீட்டிலேயே இருக்கிறது. ஆல்பம் பார்த்தவர் எவரும் வில்லையின் பெயரைக் கேட்கவில்லை என்று பின்னர் சொன்னார்.

ஆனால் இவ்விடை எல்லார்க்கும் பொதுவன்று. ஓலைச்சுவடியைப் படமெடுப்பவரின் தேவை வேறு. ஓலை நீண்டு குறுகியது. அதன் முதலெழுத்து படத்தின் ஓர் ஓரத்திலும் இறுதியெழுத்து மறு ஓரத்திலும் விழும். நடுவில் மட்டும் கூர்மை இருந்து ஓரம் மங்கினால், ஓர் எழுத்தின் கால் தெரியாமற் போய்ப் பொருளே மாறிவிடும். அவர்க்கு வேண்டியது தட்டையான பரப்பை ஓரம்வரை சீராகக் காட்டும் மேக்ரோ வில்லை. அதைத் தாய் நிறுவனமும் செய்கிறது, பிற நிறுவனமும் செய்கிறது. பறவையையும் பந்தாட்டத்தையும் தொடர்ந்து படமெடுப்பவருக்கோ, தாய் நிறுவன வில்லை மேம்பட்டதாக இருக்க வாய்ப்புண்டு. சோனியின் ஏ9 கேமரா நொடிக்கு 20 படங்கள் எடுக்க வல்லது. பிற நிறுவன வில்லையோடு அது 15 படங்களில் நின்றுவிடும். பழுதுபார்ப்பு, மறுவிற்பனை மதிப்பு, மழையையும் தூசியையும் தாங்கும் கட்டமைப்பு ஆகியவற்றுக்கும் விலை உண்டு. அவற்றுக்காகப் பணம் கொடுப்பது தவறன்று. அப்பணம் கூர்மைக்காகக் கொடுத்தது என்று எண்ணிக்கொள்வதே தவறு.

இங்கு நிறுவனங்களை நோக்கியும் ஒன்று சொல்ல வேண்டும். சோனி 2011இல் தன் இ மவுண்டின் அடிப்படை விவரங்களைப் பிற நிறுவனங்களுக்குக் கட்டணமின்றித் திறந்துவிட்டது. லைக்கா, பானசோனிக், சிக்மா ஆகிய மூன்றும் 2018இல் எல் மவுண்டில் கைகோத்தன. கேனனோ 2018இல் அறிமுகப்படுத்திய ஆர்எஃப் மவுண்டின் கதவை இறுக அடைத்துக்கொண்டது. 2022இல் வில்ட்ராக்ஸ் என்னும் சீன நிறுவனத்தின் வில்லைகளைக் காப்புரிமையைக் காட்டி நிறுத்தச் செய்தது. 2024இல் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் அனுமதி வழங்கியபோதும், முதலில் சிறு சென்சார் கேமராக்களுக்கான வில்லைகளையே அவை அறிவிக்க முடிந்தது. காப்புரிமை சட்டப்படி சரியே. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பிறரை அவைக்குள் விடாமல் 'எம் பாட்டே சிறந்த பாட்டு' என்று முழங்குவது புலமைக்கு அழகன்று. ஒப்பிட இடம் தருபவரின் கூர்மையைத்தான் நாம் நம்ப முடியும்.

கூர்மையே எல்லாமா என்ற வினாவும் எஞ்சுகிறது. நிக்கான் 2013இல் வெளியிட்ட 58 மி.மீ. எஃப்/1.4 வில்லை, அளவீட்டு எண்களில் பலரை ஏமாற்றியது. பின்புலம் கரையும் விதத்தையும் ஒளிப்புள்ளிகளின் வடிவையும் முதன்மையாகக் கொண்டு வடிவமைத்தது அது. எண்களைப் பார்த்தவர்கள் இகழ்ந்தனர். அதனால் மனித முகங்களை எடுத்தவர்களில் பலர் விரும்பினர். யாப்புப் பிழையற்ற செய்யுள் எல்லாம் கவிதையாகிவிடுவதில்லை அல்லவா? ஆயினும் இந்த வாதத்தைத் தாய் நிறுவன வில்லைக்கு மட்டும் சலுகையாக வழங்குவது கூடாது. சிக்மா மங்கினால் குறை, நிக்கான் மங்கினால் குணம் என்பது திறனாய்வன்று.

வாங்க எண்ணுவோர்க்கு ஓர் எளிய வழி சொல்வோம். செய்தித்தாள் ஒன்றைச் சுவரில் சுருக்கமின்றி விரித்து ஒட்டுங்கள். கேமராவை முக்காலியில் நிறுத்திச் சுவருக்கு நேராக வையுங்கள். நல்ல வெளிச்சத்தில், கை படாமல் இரு விநாடி டைமரில், முழுத் துளையிலும், எஃப்/5.6இலும், எஃப்/8இலும் எடுங்கள். இரு வில்லைகளின் படங்களும் ஒரே வெளிச்ச அளவில் இருக்கட்டும். வெளிச்சம் கூடிய படம் கண்ணுக்குக் கூர்மையாகத் தோன்றி ஏமாற்றும். நான்கு மூலைகளிலும் எழுத்துகளைப் பாருங்கள். மூன்று தெளிந்து ஒன்று மட்டும் மங்கினால் அந்தப் பிரதியில் கண்ணாடி சாய்ந்திருக்கக்கூடும். கேமரா நேராக நின்றதா என்று மறுபடி சோதித்து, குறை நீடித்தால் எந்த நிறுவனமாயினும் மாற்றித் தரச் சொல்லுங்கள். இறுதியாக, எது எந்த வில்லையின் படம் என்பதை நண்பர் ஒருவரை மறைக்கச் சொல்லிவிட்டுத் தேர்ந்தெடுங்கள். பெயர் மறைந்த பின் உங்கள் கண் எதைத் தேர்கிறதோ, அதுவே உங்கள் வில்லை.

சொன்னவர் யார் என்பதைத் தள்ளி, சொல்லப்பட்டதன் மெய்யைக் காணுமாறு வள்ளுவர் பணித்தார். நாம் அதனை வகுப்பறையில் விளக்குகிறோம், தேர்வில் வினவுகிறோம், மதிப்பெண்ணும் வழங்குகிறோம். கடையில் நின்று பொருள் வாங்கும்போதும் அதைக் கடைப்பிடித்தால் கற்றதற்கு ஒரு பயன் உண்டு. அன்பர்கள் தத்தம் அனுபவத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்ப்பார்களாக.